சட்டை உரிக்கும் ஜாதி

(திருப்போரூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இந்தத் திருப்போரூரில் ஆறு முகத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஆட்களுக்குப் பஞ்சமே கிடையாது. கிருத்திகைக்குக் கிருத்திகை பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் ஆறு காலைப் பற்றிப் பேச இதுவரை ஒருவரும் வந்ததில்லை என்று கூட்டம் கூட்டிய தோழர்கள் நம்மிடம் குறைப்பட்டுக் கொண்டார்கள். ஆகவே ஆறு கால், எட்டுக் கால், பத்துக் கால் உள்ளவைகளையும், காலே இல்லாமல் நெளிகின்றவைகளையும் பற்றி இன்று பேச ஒப்புக்கொண்டு வந்திருக்கிறோம். நாம் காலேஜில் படித்தவர்களல்ல. விலைக்கு வாங்கியும் இரவல் பெற்றும் படித்த புத்தகங்களும், இரண்டு கண்களுந்தான் நமக்கு வாத்தியார். ஆகையால் நாம் சொல்லுவதை நீங்கள் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போய் ஒரு பூச்சியைப் பிடித்துக் காலை எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

முதலில் ஒரு வார்த்தையை எடுத்துக் கொள்ளுவோம். "நரம்புச் சிலந்தி" என்று ஒரு வியாதி இந்நாட்டில் இருந்தது. காலில் கொப்புளம் கிளம்பும். நெருப்பு வைத்தாற்போல் எரியும். கொப்புளம் உடைந்தால் அதற்குள்ளிருந்து வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டும். அதைக் குச்சியில் சுற்றி, நாளுக்கு விரற்கடை இரண்டு விரற்கடையாக, அறுந்து போகாமல் இழுக்க வேண்டும். மாதக் கணக்கில் இழுத்தவர்களும் உண்டு. முழுவதும் வெளியே வந்தால் இரண்டடி மூன்றடி நீளம் இருக்கும். பார்ப்பதற்கு நரம்பு போல் இருந்ததால் நரம்பு என்றார்கள். சிலந்தி என்றால் எட்டுக்காற் பூச்சிக்கும் பெயர், கட்டிக்கும் பெயர். ஆகவே சிலந்தி என்றார்கள். ஆனால் அது நரம்புமல்ல, சிலந்தியுமல்ல. அது ஒரு புழு. உருளைப் புழு ஜாதியைச் சேர்ந்த பெண் புழு.

பெயர் தப்பானால் என்ன குடி முழுகிப் போயிற்று என்று கேட்கலாம். குடிதான் முழுகிற்று, தோழர்களே! நரம்பு என்று நினைத்தவன் நரம்புக்கு எண்ணெய் தேடினான். தெய்வ குற்றம் என்று நினைத்தவன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டான். புழு என்று கண்டவன் மாத்திரமே, "இது எந்த வழியாக உள்ளே போயிற்று?" என்று கேட்டான். 1870 ஆம் ஆண்டில் துருக்கிஸ்தானத்தில் பெத்செங்கோ என்ற ருஷ்யர் இதைக் கண்டுபிடித்தார். புழு வந்த காலின் எரிச்சல் தாங்காமல் மனிதன் குளத்தில் இறங்குகிறான். தண்ணீர் பட்டவுடன் அந்தப் புழு லட்சக் கணக்கான குஞ்சுகளைக் கக்குகிறது. குளத்து நீரில் கடுகினும் சிறியதாய்த் துள்ளித் துள்ளி நீந்துகின்ற சைக்ளாப்ஸ் என்னும் ஜந்து, அந்தக் குஞ்சுகளைத் தின்கிறது. இந்த ஜந்து இறாலுக்கும் நண்டுக்கும் தூரத்துப் பங்காளி. அந்தத் தண்ணீரை நாம் குடிக்கிறோம். சைக்ளாப்ஸ் வயிற்றில் செரித்துப் போகிறது. புழு செரிக்காமல் வெளிப்பட்டு, உடம்பெல்லாம் திரிந்து, ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளமாக வருகிறது. படியிறங்கிக் காலை நனைத்துத் தண்ணீர் எடுக்கும் குளமும் படிக்கிணறுந்தான் இதற்கு நல்ல இடம். தீர்த்தம் எவ்வளவு புண்ணியமானதோ, அவ்வளவு பேர் கால் வைத்தார்கள். அவ்வளவு பேர் குடித்தார்கள்.

இதற்கு மருந்து உண்டா என்றால், இன்றைய தேதி வரையில் கிடையாது. அம்மை குத்துவது போல ஊசியும் கிடையாது. ஆனால் வியாதி ஒழிந்துவிட்டது! எப்படி ஒழிந்தது? துணியால் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொன்னார்கள். படிக்கிணறுகளை இறங்காத கிணறுகளாக மாற்றினார்கள், குழாய்க் கிணறு இறக்கினார்கள், குளத்தில் சைக்ளாப்ஸைக் கொல்லும் மருந்தைக் கலந்தார்கள், புழு வந்தவனைத் தண்ணீரில் இறங்காதே என்று தடுத்தார்கள். 1984 இல் இந்தியாவில் ஏறக்குறைய 40,000 பேருக்கு இது இருந்தது. தமிழ்நாடு முன்னதாகவே விடுபட்டது. ராஜஸ்தானத்தில் 1996 ஜூலையில் கண்ட நோயாளிதான் இந்தியாவில் கடைசி. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்தியாவில் இந்நோய் இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் அத்தாட்சி கொடுத்துவிட்டது. எத்தனையோ நூற்றாண்டுகளாக நேர்ந்துகொண்டும் போகாத ஒன்று, பழைய வேட்டித் துணிக்குப் பயந்து போய்விட்டது.

இனி வகுப்புப் பிரிக்கிற சங்கதிக்கு வருவோம். நம் ஜனங்கள் "பூச்சி" என்ற ஒரு வார்த்தையிலேயே எல்லாவற்றையும் அடைத்து விடுகிறார்கள். கரப்பானும் பூச்சி, எட்டுக்காலும் பூச்சி, குழந்தை வயிற்றிலிருந்து விழுவதும் பூச்சி, மண்ணில் நெளிகிற மண்புழுவும் பல ஊர்களில் நாக்குப் பூச்சி. விஞ்ஞானிகள் இவைகளைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். எதைக் கொண்டு பிரித்தார்கள் என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது.

கால் கணுக்கணுவாக மடங்கி, உடம்பின்மேல் ஓடு போட்டு, எலும்பு உள்ளே இல்லாமல் வெளியே இருப்பது போல் இருந்தால் அது கணுக்காலி. அதில் ஆறு கால் உள்ளது பூச்சி. ஈ, எறும்பு, கொசு, கரப்பான், பேன், வண்டு, பட்டாம்பூச்சி எல்லாம் இதுதான். எட்டுக் கால் இருந்தால் சிலந்தி, தேள், உண்ணி வகை. ஆகவே சிலந்தியைப் பூச்சி என்பது தப்பு. தேளின் கொடுக்குப் போன்ற முன்கைகளைக் காலோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. நண்டுக்கும் இறாலுக்கும் கொடுக்கையும் சேர்த்துப் பத்துக் கால். பூரானுக்கு உடம்பின் கணு ஒன்றுக்கு ஒரு ஜோடிக் கால்; பையன்கள் ரயில் பூச்சி என்று சொல்லுகிற மரவட்டைக்குக் கணு ஒன்றுக்குப் பெரும்பாலும் இரண்டு ஜோடி. பூரான் கடிக்கும், மரவட்டை சுருண்டு கொள்ளும், கடிக்காது. இந்தக் கணுக்காலிகளில் இதுவரை பெயரிட்டு எழுதி வைத்த வகைகள் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல். மனிதன் ஒரே ஒரு வகை. அந்த ஒன்றுக்குள்தான் நாலாயிரம் ஜாதி!

புழுக்களிலும் பல தினுசு. மண்புழுவும் அட்டையும் வளையம் வளையமாக இருப்பதால் வளையப் புழு. நாடாப் புழு தட்டையானது. வயிற்றில் வாழும் நாகப் பூச்சி, கொக்கிப் புழு, யானைக்காற் புழு, மேலே சொன்ன நரம்புச் சிலந்தி எல்லாம் வளையமில்லாமல் வழவழப்பாய், இரண்டு முனையும் கூர்மையாய் உருண்டிருப்பதால் உருளைப் புழு.

முற்காலத்தில் இவைகளை எப்படி வகுத்தார்கள்? ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் பதினெட்டாம் நூற்றாண்டில், புழு, நத்தை, சங்கு, சொறி எல்லாவற்றையும் "புழு" என்று ஒரே மூட்டையில் கட்டினார். பிறகு பிரெஞ்சு தேசத்துக் குவியே என்பவர், மண்புழு உடம்பிலும் வளையம், பூரான் உடம்பிலும் வளையம், ஆகவே இரண்டும் ஒரு குடும்பம் என்றார். அதைத்தான் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடங்களில் பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 1997 இல் அமெரிக்க விஞ்ஞானிகள் சிலர் இந்த ஜீவன்களின் மரபணு ஒன்றின் எழுத்து வரிசையை ஒத்திட்டுப் பார்த்து, குவியே சொன்னது சரியல்ல, கணுக்காலிகளுக்கு நெருங்கிய உறவு மண்புழு அல்ல, உருளைப் புழுதான் என்று எழுதினார்கள். பலர் ஆட்சேபித்தார்கள். சண்டை பல வருஷம் நடந்தது. அதற்குப் பிறகு வந்த பரிசோதனைகளும் பெரும்பாலும் அதே பக்கம் நின்றபடியால், இன்றைக்குப் பொதுவாக அதையே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இரண்டுக்கும் வெளிப்படையாகத் தெரிகிற ஒற்றுமை என்னவென்றால், இரண்டும் சட்டை உரிக்கும். மேலே போர்த்தியிருக்கும் தோல் நீளாது. ஆகவே வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது போட்டுக்கொள்ள வேண்டும். முட்டுக்காட்டுக் கழியிலும் கோவளத்துக் கரையிலும் தொழில் செய்கிற தோழர்களுக்கு நாம் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஓடு கழற்றிய நண்டு மெத்தென்று இருக்கும். உள்ளே தண்ணீர்தான் என்று வியாபாரி விலையைக் குறைத்துப் பேசுவான். கொஞ்ச நாள் போனால் ஓடு இறுகிச் சதை பிடித்து அதுவே நல்ல நண்டாகும். கரப்பான் வெள்ளையாக இருக்கிறதே, அது வேறு ஜாதி என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சட்டை உரித்த சற்று நேரத்துக் கரப்பான்தான். உருளைப் புழுவோ ஆயுளில் நாலு தடவை சட்டை உரிக்கிறது. மண்புழு உரிப்பதேயில்லை.

இங்கே ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்: "பாம்பும் சட்டை உரிக்கிறதே, அதுவும் இந்தக் கூட்டந்தானா?" நல்ல கேள்வி. பாம்புக்கு உள்ளே முதுகெலும்பு இருக்கிறது. அது நம் கட்சி! அதன் எலும்பு உள்ளே வளர்ந்துகொண்டே போகிறது. மேல்தோலின் மெல்லிய ஏடு மட்டும் கழன்று விழுகிறது. நம் உடம்பிலும் மேல்தோல் தூள் தூளாக உதிர்ந்து கொண்டுதான் இருக்கிறது. ஆகவே ஒரே ஒரு அடையாளத்தைப் பார்த்து உறவு கட்டிவிடக் கூடாது. பல அடையாளங்களும் சேர்ந்து வர வேண்டும். திருக்கழுக்குன்றத்துச் சங்கும் இந்தக் கூட்டமல்ல. சங்குப் பூச்சி மெல்லுடலி. ஓட்டைக் கழற்றாமல் வாயோரத்தில் ஒட்டி ஒட்டிப் பெரிதாக்கிக் கொள்ளும். அங்குள்ள குளத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கிறதாகச் சொல்லுகிறார்கள். கடற்சங்கு உப்பு நீரில் வாழ்வது, கடலோ பத்து மைலில் இருக்கிறது. பன்னிரண்டு வருஷக் கணக்கு அந்தப் பிராணிக்கு எப்படித் தெரிந்தது என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

புழுவுக்கும் பூச்சிக்கும் நடுவில் எதுவும் இல்லையா என்றால், இருக்கிறது. வடகிழக்குக் கோடியில் அருணாசலப் பிரதேசத்துச் சியாங் பள்ளத்தாக்கில் கல்லுக்கடியில் ஒரு ஜீவன் வாழுகிறது. புழுப்போன்ற மெத்தென்ற உடம்பு. கீழே வரிசையாகக் குட்டைக் கால்கள். இதுவும் சட்டை உரிக்கும். 1911 இல் அதை முதலில் கண்டார்கள். அதன் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்து, சமீபத்தில் பெங்களூர் ஆராய்ச்சிக்காரர்கள் மறுபடியும் கண்டெடுத்திருக்கிறார்கள்.

பாருங்கள், நாக்குப் பூச்சியைப் பற்றின ஒரு சாதாரண வகுப்பை மாற்றுவதற்கு எவ்வளவு அத்தாட்சி கேட்டார்கள்! கிடைத்தவுடன் மாற்றியும் விட்டார்கள். குவியே பெரியவர், அவர் எழுதியதை மாற்றலாமா என்று யாரும் அழவில்லை. நம் நாட்டிலோ மனிதர்களை வகுத்து வைத்தவன் உடம்பில் எந்த அடையாளத்தைப் பார்த்தான்? காலை எண்ணினானா, எலும்பை எண்ணினானா? ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் அதை மாற்றக் கூடாதாம். இதைப் பற்றி நாம் வேறு கூட்டங்களில் நிறையப் பேசியிருப்பதால் இத்துடன் விட்டு, நமக்கு அவசரமான விஷயத்துக்கு வருகிறோம். அது யானைக்கால்.

இந்தக் கரையோரத் தாலுக்காக்களில் யானைக்கால் இல்லாத தெரு ஒரு காலத்தில் அருமை. காலைத் துணியால் சுற்றிக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பூர்வ ஜன்ம பாவம் என்றார்கள். கோயில் சொத்தை மிதித்தவன் கால் வீங்கும் என்றார்கள். அப்படியானால் கோயில் சொத்தைத் தின்றவனுக்கு வயிறல்லவா வீங்கியிருக்க வேண்டும்! ஆனால் நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். சுசுருதர் பேரால் வழங்குகிற பழைய வைத்திய நூலில், பழைய தண்ணீர் தேங்கி எப்போதும் ஈரமாயிருக்கும் தேசங்களில் இந்த வியாதி அதிகம் என்ற கருத்து இருக்கிறது. அந்த வைத்தியர் யாராயிருந்தாலும் கண்ணைத் திறந்து ஊரைப் பார்த்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஏட்டை மட்டும் பார்த்தார்கள்.

1872 இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற டாக்டர், மனித இரத்தத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு புழுக்கள் நெளிவதைக் கண்டார். சில வருஷத்துக்குள் ஆஸ்திரேலியாவில் பான்கிராப்ட் என்பவர் அதன் தாய்ப் புழுவைக் கண்டார். அது தலைமயிர் போன்றது. பெண் புழு மூன்று நாலு அங்குல நீளம் இருக்கும். 1877 இல் சீனாவில் அமாய் துறைமுகத்தில் மான்சன் என்ற டாக்டர், இரத்தத்தில் இப்புழு இருந்த தம் வேலைக்காரரைக் கொசு கடிக்க விட்டு, அந்தக் கொசுவை அறுத்துப் பார்த்தார். கொசுவின் உடம்பில் புழு வளர்ந்து கொண்டிருந்தது! ஒரு பூச்சி மனித வியாதிக்கு வாகனமாயிருப்பது நிச்சயமாகத் தெரிந்தது அப்போதுதான். ஆனால் மான்சன் ஒரு இடத்தில் தவறினார். கொசு செத்துத் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீரைக் குடிப்பதால் புழு வருகிறது என்று நினைத்தார். 1900 இல் புழு கொசுவின் மூக்குக் குழலிலேயே வந்து காத்திருப்பதை வேறு ஆட்கள் கண்டார்கள். தண்ணீர்க் கதை போய்விட்டது. மான்சனும் ஒப்புக்கொண்டார்.

இந்தப் புழுவின் சாமர்த்தியத்தைக் கேளுங்கள். இதன் குஞ்சுகள் பகலில் உள்ளுறுப்புகளில் ஒளிந்து கொண்டு, இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரையில் வெளித்தோலின் இரத்தத்துக்கு வருகின்றன. ஏனெனில் இதைச் சுமக்கிற சாக்கடைக் கொசு இரவில்தான் கடிக்கிறது. அதனால்தான் இரத்தம் பார்க்கிற சுகாதார இலாகா ஆட்கள் ராத்திரியில் வந்து கதவைத் தட்டினார்கள். கொசுவுக்குள் போன குஞ்சு, சுமார் பத்துப் பதினைந்து நாளில் இரண்டு சட்டை உரிக்கிறது. பிறகு மனிதனுக்குள் வந்து இன்னும் இரண்டு சட்டை உரித்துப் பெரிதாகி, நிணநீர்க் குழாயில் குடியேறி வருஷக் கணக்கில் வாழ்கிறது. நாலு சட்டையில் இரண்டு பூச்சி வீட்டில், இரண்டு நம் வீட்டில்! கடித்த அன்றைக்கே கால் வீங்காது. நெறி கட்டிக் காய்ச்சல் விட்டு விட்டு வந்து, பல வருஷம் கழித்தே வீங்கும். கடித்த கொசுவையும் வீங்கிய காலையும் சம்பந்தப்படுத்த முடியாத அந்த இடைவெளியில்தான் பூர்வ ஜன்மம் புகுந்துகொண்டது.

இதற்கு மருந்து கண்ட வரலாறும் நம்மைச் சேர்ந்தது. அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895 இல் பிறந்து, சென்னை வைத்தியக் கல்லூரியில் படித்து, 1923 இல் அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் நடத்திய ஆராய்ச்சிக் கூடத்திலிருந்துதான் இந்தப் புழுக்குஞ்சுகளைக் கொல்லும் மாத்திரை 1947 இல் வெளியாயிற்று. மறு வருஷமே அவர் இறந்துவிட்டார். இந்திய சர்க்கார் 1955 இல் யானைக்கால் ஒழிப்புத் திட்டம் துவக்கிற்று. 2004 முதல் நோயுள்ள ஜில்லாக்களில் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு முறை மாத்திரை கொடுப்பது தேச முழுமைக்கும் வந்தது. சீனாவில் அந்த மருந்தைச் சாப்பாட்டு உப்பிலேயே கலந்து கொடுத்தார்கள். 2007 இல் ஒழித்து முடித்தார்கள். கேளம்பாக்கம், கோவளம் பக்கத்து உப்பளங்களைப் பார்த்திருக்கிற நமக்கு இது எவ்வளவு எளிய யோசனை என்று தெரியும். இலங்கையும் 2016 இல் விடுபட்டது.

நம் பக்கம் என்ன நடந்தது? மாத்திரையை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, "ஆகட்டும், ராத்திரி சாப்பிடுகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பரணில் போட்டவர்கள் எத்தனை பேர்! நோயில்லாத எனக்கு எதற்கு மாத்திரை என்றார்கள். கால் வீங்காதவன் இரத்தத்திலும் குஞ்சு இருக்கும். அவனைக் கடித்த கொசுதான் அடுத்த வீட்டுக்குக் கொண்டு போகும். தின்றவனுக்குக் காய்ச்சல் வந்தது, விஷ மாத்திரை என்று புரளி கிளப்பினார்கள். உள்ளே குஞ்சுகள் கூட்டமாகச் சாவதனால் வருகிற காய்ச்சல் அது; ஒன்றிரண்டு நாளில் போய்விடும். மாத்திரை கொண்டு வந்த பெண்ணைச் சந்தேகப்பட்டவர்கள், விபூதி கொண்டு வந்தவனை என்ன சேர்த்திருக்கிறாய் என்று கேட்கவில்லை.

இப்போது இன்னொரு மருந்தும் சேர்ந்திருக்கிறது. மண்ணிலுள்ள ஒரு நுண்கிருமியிலிருந்து எடுத்தது. ஓமுரா, காம்பெல் இருவருக்கும் 2015 இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. அது யானைக்காற் புழுவின் குஞ்சையும் கொல்லுகிறது, பேனையும் சொறி உண்டாக்கும் உண்ணியின ஜந்துவையும் கொல்லுகிறது. மனிதனுக்கு அளவோடு கொடுத்தால் கெடுதலில்லை. எப்படி? அந்த மருந்து போய்த் தாக்குகிற ஒரு வாசல், புழுவின் நரம்பிலும் இருக்கிறது, பூச்சியின் நரம்பிலும் இருக்கிறது. நம்மிடத்தில் அந்த வாசல் இல்லை.

கடைசியாக இன்னொரு சீட்டு. "வீங்கின கால் மாத்திரையால் வாடுமா?" என்று கேட்டிருக்கிறது. எழுதியவர் யாரென்று நாம் கேட்கவில்லை. முற்றிலும் வீங்கிவிட்ட கால் மாத்திரையால் பழையபடி ஆகிவிடாது. ஆகும் என்று பணம் கேட்கிறவனை நம்பாதீர்கள். ஆனால் அடிக்கடி வருகிற குளிர் காய்ச்சலை நிறுத்தலாம்; நிறுத்தினால் கால் மேலும் பெருக்காது. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் புழுவினால் வருவதல்ல, தோல் வெடிப்பிலும் விரலிடுக்குப் புண்ணிலும் புகும் வேறு கிருமிகளால் வருவது. தினந்தோறும் சோப்புப் போட்டுச் சாதாரண தண்ணீரில் மெதுவாகக் கழுவி, மடிப்புக்கு மடிப்பு, விரலுக்கு விரல் ஈரம் போகத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. சுடுநீர் ஒத்தடமும், பச்சிலைப் பற்றும், கீறி இரத்தம் விடுவதும் வேண்டாம். படுக்கும்போது காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும். உட்கார்ந்தாலும் தொங்கவிடாமல் நீட்டிக்கொள்ள வேண்டும். இறுகாத செருப்புப் போட வேண்டும். விரைவீக்கமாயிருந்தால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. சீட்டு எழுதிய தோழர் கூட்டம் கலைந்ததும் நம்மை வந்து பார்த்தால், கழுவும் விதத்தை ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்தே காட்டுகிறோம்.